போட் ஹவுஸுக்குப் போகிற வழியில் ஒரு மேடு: சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

தை பிறந்துவிட்டால் உங்கள் சுற்றுலாப் பேருந்துகள் எங்கள் ஊர் வழியாக ஓட ஆரம்பித்துவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே பள்ளிப் பெயர் போட்ட பேனர், ஜன்னலுக்கு வெளியே நீளும் கைகள், உள்ளே குத்துப்பாட்டு. கடலூர்ப் பக்கமிருந்து வருபவை தவளக்குப்பம் தாண்டி நோணாங்குப்பத்தில் நிற்கும். புதுவையைப் பார்த்துவிட்டு வருபவை முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம் என்று வந்து அதே நோணாங்குப்பத்தில்தான் நிற்கும். போட் ஹவுஸ். அங்கிருந்து படகேறிப் பாரடைஸ் பீச். மற்றபடி மணக்குள விநாயகர், பாரதி பூங்கா, காந்தி சிலை முன்னால் குரூப் போட்டோ, ஐஸ்கிரீம், வாந்தி எடுக்கும் இரண்டு பிள்ளைகள், ராத்திரி ஊர் போய்ச் சேர்தல். இதைக் குறை சொல்ல வரவில்லை. படகு இல்லாத சுற்றுலாவை எந்தப் பிள்ளையும் மன்னிக்காது.

நான் அரியாங்குப்பத்துக்காரன். கேட்பது ஒன்றுதான். அந்த நாளில் அரை நாளை, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் துறைமுகமாக இருந்த எங்கள் அரிக்கமேட்டுக்குக் கொடுங்கள். கொடுப்பதாக இருந்தால், இப்போது சில பள்ளிகள் கொடுக்கிற மாதிரி கொடுக்காதீர்கள்.

எந்த மாதிரி என்று சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களை மேட்டுக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். அப்படிப் போயிருந்த ஒருநாள் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். வெயில் ஏறிவிட்ட நேரம். பிள்ளைகள் இறங்கிப் பார்த்தார்கள். மாமரம், தென்னை, புதர், நடுவில் இடிந்த செங்கல் சுவர். "எங்க சார் துறைமுகம்?" என்று ஒரு பையன் கேட்டான். "இதான்டா" என்றார் சார். "கப்பல் எங்க சார் நிக்கும்?" என்றது இன்னொரு குரல். அதற்குள் "எல்லாரும் சுவத்துக்கிட்ட நில்லுங்க, போட்டோ" என்று ஒரு டீச்சர் கைதட்டினார். எடுத்தார்கள், ஏறினார்கள், போனார்கள். அந்தச் சுவரை ரோமானியர் கட்டியது என்று நம்பியே அத்தனை பிள்ளைகளும் போயிருப்பார்கள். கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

முதலில் சுவர் விவகாரத்தை முடித்துவிடுவோம். அது ரோமானியர் சுவர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் கட்டிய வீட்டின் மிச்சம். அந்தக் காலத்தில் மேட்டை அடுத்த வீராம்பட்டினத்தில் அவர்களுடைய குருமடம் ஒன்று இருந்தது. இன்றைய வியட்நாம், கம்போடியா எல்லைப் பக்கம் நடந்துகொண்டிருந்த குருமடம் அங்கே கலவரம் முற்றியதும் 1770-ல் இங்கே இடம்பெயர்ந்தது. அதை நடத்திய பீஞ்ஞோ தெ பெஹைன் என்ற பாதிரியார், உடன் வந்த வியட்நாமியர் சிலரின் துணையோடு வியட்நாமிய மொழிக்கு ஒரு லத்தீன் அகராதியை இங்கே உட்கார்ந்துதான் தொகுத்தார். பின்னாளில் வியட்நாமின் பேரரசரான கியா லாங்குக்குப் பிரெஞ்சு உதவி தேடிக்கொடுத்தவரும் இவரே. வீராம்பட்டினத்துத் தென்னந்தோப்பில் வியட்நாமிய அகராதி! இதைச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாயைப் பிளக்காதா? ஆகவே சுவர் முன்னால் தாராளமாகப் போட்டோ எடுங்கள். ரோமானியர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அரிக்கமேட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். தோண்டிய குழிகளெல்லாம் மூடப்பட்டுவிட்டன. எடுத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. மாமல்லபுரம் போல நின்று வாய் பிளக்கக் கல் கிடையாது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற, நாட்டின் முக்கியத்துவம் பெற்ற இடங்களில் ஒன்று என்று பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்குத் தெரிவது தோப்புதான். ஆனால் அதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்பேன். கோயிலைக் காட்ட வாத்தியார் வேண்டாம், கோயிலே காட்டிக்கொள்ளும். அரிக்கமேட்டை வாத்தியார்தான் காட்ட வேண்டும்.

காட்டுவதை ஆற்றிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் படகு விடும் சுண்ணாம்பாறும், மேட்டை ஒட்டி ஓடும் அரியாங்குப்பம் ஆறும் ஒரே ஆற்றின் இரண்டு கிளைகள். செஞ்சி மலைப் பக்கம் பிறக்கும் சங்கராபரணி அது. வராக நதி, செஞ்சி ஆறு என்றும் சொல்வார்கள். வீடூரில் தொண்டியாறு வந்து அதோடு கூடுகிறது, அந்தக் கூடலில்தான் வீடூர் அணை. பிறகு திருவக்கரை, வில்லியனூர், திருக்காஞ்சி என்று வந்து, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது சுண்ணாம்பாறு, வடக்கே போவது அரியாங்குப்பம் ஆறு. நடுவில் நாங்கள் இருக்கிறோம். அப்படியென்றால் உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே அரிக்கமேட்டு ஆற்றில்தான் படகு விட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். படகில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கேள்வியைப் போட்டுவையுங்கள்: கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, இந்தத் தண்ணீர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

கப்பல் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அபூர்வம். நேர்கோடாக ஓடும் மணற்கரை, எந்நேரமும் அலை. சரக்கை இறக்க வேண்டுமென்றால் முகத்துவாரத்துக்குள் நுழைந்து அலை எட்டாத இடத்தில் நிற்க வேண்டும். அரிக்கமேடு அப்படிப்பட்ட இடம். கடலிலிருந்து சற்று உள்வாங்கி, ஆறு வளைகிற கரையில், வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்கிறது. கடலூர் ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கெடிலமும் பரவனாறும் சேர்ந்து கடலில் விழுகிற இடத்தில்தான் உங்கள் துறைமுகமும் இருக்கிறது. முதுநகர்ப் பிள்ளைக்குத் தன் ஊரைக் காட்டிவிட்டுப் பிறகு இங்கே அழைத்துவந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்வது இன்றைக்கும் எங்கள் மீனவர்களின் தலைவலி. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு விசைப்படகுகள் போய்வருவது இதே ஆற்று வாய் வழியாகத்தான். வீராம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் எந்தப் பெரியவரிடம் வேண்டுமானாலும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். வாய் எந்த மாதத்தில் அடைக்கும், எப்போது திறக்கும், படகு எங்கே தட்டும் என்று அவர் சொல்வார். 1980-களில் இந்த வாயில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். ஆண்டில் பெரும்பகுதி நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே புதுவை நகரக் கரை மணலை இழந்தது. காந்தி சிலைக்கு எதிரே கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறதே, பிள்ளைகள் ஏறி நின்று செல்ஃபி எடுப்பார்களே, அந்தக் கற்களின் கதை இந்த ஆற்று வாயில் தொடங்குகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் துறைமுகம் நடத்தியவனுக்கும் இதே ஆறு, இதே மணல்தான்.

இனி அருங்காட்சியகம். மேட்டுக்கு முன்னால் அங்கே போங்கள். வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். நீங்கள் எப்படியும் பாரதி பூங்காவுக்குப் போகிறீர்கள். புதுச்சேரி அருங்காட்சியகம் அதன் ஓரத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் நாற்காலி, கட்டில், பல்லக்கெல்லாம் பிள்ளைகளை இழுக்கும். இழுக்கட்டும், ஆனால் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் அவர்களை உட்காரவையுங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் அது உடைந்த சட்டி, அவ்வளவுதான்.

உட்கார்ந்து பார்த்தால் வேறு. உள்பக்கம் கறுத்து வழவழவென்று இருக்கும் தட்டின் துண்டு ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். தட்டின் நடுவில் வட்டம் வட்டமாக, பொடிப்பொடியாகப் பள்ளம் விழுந்த கோடுகள் ஓடும். தட்டு சக்கரத்தில் சுற்றும்போது அதன் மேல் ஒரு கருவியை லேசாக அதிரவிட்டால் விழுகிற தடம். ரூலெட்டட் வகை என்பார்கள். இதே தட்டு இலங்கையில் கிடைக்கிறது, வங்காளத்தில் கிடைக்கிறது, இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்ற ஊரில்கூடக் கிடைத்திருக்கிறது. வங்காள விரிகுடாவைச் சுற்றி ஒரே தட்டில் சோறு தின்றிருக்கிறார்கள் என்று நான் என் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் அதை அப்படியே பரீட்சையில் எழுதிவைத்தான். மதிப்பெண் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

அடுத்து சிவப்புத் துண்டு. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த மெல்லிய, பளபளக்கும் மேசைப் பாத்திரம். செய்த பட்டறையின் பெயரை அடியில் முத்திரையாகக் குத்தி அனுப்புவார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுகளில் கமுரி, இட்டா என்ற பெயர்கள் இருந்தன. இந்த முத்திரைகளை வைத்து, எந்தப் பட்டறை எந்தக் காலத்தில் நடந்தது என்று இத்தாலியில் ஏற்கெனவே கணக்கு இருந்தது. அதனால் இங்கே அந்தத் துண்டு கிடந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொல்ல முடிந்தது. அதே அடுக்கில் கிடந்த நம் கறுப்புத் தட்டுக்கும் காலம் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் கறுப்புத் தட்டு வேறு எங்கே கிடைத்தாலும் அந்த இடத்துக்கும் தேதி போட்டார்கள். 1947-ல் கர்நாடகத்தில் பிரம்மகிரி, சந்திரவள்ளி அகழ்வுகளுக்குக் காலம் சொல்ல அன்றைய தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் பிடித்துக்கொண்டது அரிக்கமேட்டுத் தட்டைத்தான். அதுவரை தென்னிந்தியத் தொல்லியலில் உறுதியாகக் காலூன்றித் தேதி சொல்ல ஒரு இடம் கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் அடங்கிப்போகிற ஊருக்கு இவ்வளவு பெரிய வேலை இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆம்போரா ஜாடிகளை விட்டுவிடக் கூடாது. இரண்டு கைப்பிடி, கூம்பிய அடி, நேராக நிற்காத ஜாடி. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், அப்புறம் காரம் என்ற ஒரு மீன்குழம்பு ஆகியவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து இதில் வந்தன. நம் காரம் இல்லை, மீனை உப்பிட்டு வெயிலில் ஊறவைத்து வடித்த சாறு. ரோமானியர் அது இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். கருவாட்டுக்குப் பேர்போன கடற்கரைக்கு மீன்சாற்றைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். வீராம்பட்டினத்துப் பாட்டிகளிடம் இதைச் சொன்னால் சிரித்து மாளவில்லை.

எனக்குப் பிடித்தவை மணிகள். பாசிமணி என்று நாம் சொல்கிற அளவில், பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டாத கண்ணாடி மணிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. செய்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கை பரபரக்கும். உருகிய கண்ணாடி உருண்டைக்குள் காற்றுத் துளை விட்டு அதை நீளமான குழாயாக இழுப்பார்கள். உள்ளே துளை அப்படியே கூட வரும். ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நறுக்கின விளிம்பு கையைக் கிழிக்கும் அல்லவா? அதனால் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடேற்றி முனையை மழுக்குவார்கள். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் ஏறக்குறைய இதே முறையில் நம் காலத்திலும் மணி செய்தார்கள். இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. அதைச் செய்த தொடக்ககாலப் பட்டறைகளில் முக்கியமானது நம் மேடு. கண்ணாடிக் கழிவு, பாதியில் உடைந்த மணி, துளை போடாத சூதுபவளம் என்ற சிவப்புக் கல் எல்லாம் கிடைத்ததால்தான் இங்கேயே செய்தார்கள் என்று தெரிந்தது. விற்கிற ஊரில் முழு மணி மட்டும் கிடைக்கும். செய்கிற ஊரில்தான் கழிவு கிடைக்கும்.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. வகுப்பில் அரிக்கமேடு என்றதும் "ரோமானியர் துறைமுகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது வசதி. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1734-லேயே வீராம்பட்டினத்து மக்கள் பழைய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று பிரெஞ்சுக் குறிப்பு இருக்கிறது. பிறகு ல ஜான்தி என்ற வானியலாளரும் இந்தச் செங்கல் சுவர்களைப் பற்றி எழுதினார். அந்த மனிதரின் கதை தனிக் கதை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761-ல் இங்கே வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த முறைக்காக எட்டு ஆண்டு ஊர் திரும்பாமலே காத்துக்கிடந்தார். 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றபோது மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவரைச் செத்தவராக எழுதிவைத்திருந்தார்கள். அறிவியல் ஆசிரியரையும் சுற்றுலாவுக்குக் கூட்டிவர இந்தக் கதை ஒன்று போதும்.

அப்புறம் 1930-களில் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர். மேட்டில் மணி பொறுக்கி விளையாடிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து பொருள்களை வாங்கிச் சேர்த்தார். அதில் அகஸ்டஸ் சீசரின் தலை செதுக்கிய ஒரு கல் இருந்தது. உடனே ரோமானிய நகரம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. 1944-ல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போராத் துண்டைப் பார்த்துவிட்டு அதன் வழியைப் பிடித்துப் புதுவை வந்தார். 1945-ல் தோண்டினார். புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, பிரெஞ்சு அரசின் ஒத்துழைப்போடு வேலை நடந்தது. நீண்ட சுவரோடு ஒரு கிடங்கு, துணிக்குச் சாயமேற்றும் தொட்டி என்று அவர் கருதிய கட்டடங்கள் வெளிவந்தன. இந்திய-ரோமானிய வாணிக நிலையம் என்று தலைப்புப் போட்டார். நம் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் ஆராய்ச்சி 1945-லேயே நின்றுவிடவில்லை. 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் தோண்டினார். மேட்டோடு நிற்காமல் முத்திரப்பாளையம், சுத்துக்கேணி என்று உள்நாட்டுப் புதைகுழிகளையும் ஆராய்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமன் முதலியோர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, வாணிகம் இருந்தது என்று தெரிந்தது. ரோமானியச் சரக்கு நின்ற பிறகும் மேடு ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. சோழர் காசும் சீனப் பாண்டமும் கிடைக்கிற அளவுக்குப் பிற்காலத்திலும் ஆள் நடமாட்டம் இருந்தது. தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளும் இங்கேயே கிடைத்தவை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் கமரா, பொடுகே, சோபட்மா என்று மூன்று துறைகள் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் வரும் பொடுகே நம் மேடுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. வெளியூர்க்காரன் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த துறை அது.

ஆக, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதுதான்: மணி செய்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் படகு விடுகிறவர்களும் இருந்த ஒரு தமிழ்த் துறைக்கு, நடுவில் சில காலம் இத்தாலித் தட்டும் வந்தது. இத்தாலித் தட்டு வந்ததால் ஊர் உண்டாகவில்லை. யவனர் ஓரிருவர் இங்கே தங்கியிருக்கலாம், தங்காமல் சரக்கு மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ கரையோரப் படகிலோ கைமாறி வந்திருக்கலாம். அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தையே வகுப்பில் நடத்துங்களேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இவ்வளவும் தெரிந்த பிறகு மேட்டுக்கு வாருங்கள். இப்போது தோப்பு தோப்பாகத் தெரியாது. பிள்ளைகள் தானாகவே தரையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த மாதமென்றால் மண் கழுவிப்போய் ஓட்டுத் துண்டுகள் மேலே தெரியும். விளிம்புத் துண்டு எது, அடித் துண்டு எது, சக்கரத்தில் வனைந்த வரி எங்கே தெரிகிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதோடு சரி. எடுக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்திலிருந்து ஒரு ஓட்டைக்கூட எடுத்துப் போகச் சட்டம் அனுமதிக்காது என்று வேனிலேயே சொல்லிவிடுங்கள். துப்ரேய் காலத்துப் பிள்ளைகள் பொறுக்கிய மணியெல்லாம் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இடத்தை விட்டு நகர்ந்த துண்டு அழகாக இருக்கும், சாட்சி சொல்லாது. யாராவது வந்து "மணி வேணுமா சார்" என்று கையை நீட்டினால் ஆசிரியர்களும் வாங்காதீர்கள். வாத்தியார் வாங்கினால் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

பிறகு ஆற்றோரம் போய் நில்லுங்கள். தண்ணீருக்கு மிக அருகில் பிள்ளைகளை விட வேண்டாம், சேறு ஆளை இழுக்கும். அலையாத்திச் செடிகளுக்கு இடையில் ஆறு வளைவதும், கடல் பக்கம் படகுகள் போவதும் தெரியும். அங்கே நின்று, கப்பல் எங்கே நிற்கும் என்ற கேள்வியை நீங்களே கேளுங்கள். பதிலைப் பிள்ளைகள் சொல்வார்கள்.

கடலூர்ப் பள்ளிகளுக்கு இன்னொரு கொக்கியும் உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து புதுச்சேரியைப் பிடிக்கப் படையோடு கிளம்பி வந்தார்கள். வழியில் அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சிறு கோட்டையில் முட்டிக்கொண்டு பல நாளை வீணாக்கினார்கள். அவர்களுடைய தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸே இங்கே சிறைபட்டார். உங்கள் பேருந்து வருகிற அதே தடம்தான். இரண்டு நாள் சுற்றுலா போடும் வசதியுள்ள பள்ளிகள் ஆற்றோடு மேலே திருவக்கரைக்கும் போகலாம். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் அந்த இடம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

வருவதற்கு முன் சில விஷயங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே திங்களில் கிளம்பாதீர்கள். காலையில் அருங்காட்சியகம், அப்புறம் மேடு, வெயில் தாழ்ந்ததும் படகு என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளும் சண்டை போட மாட்டார்கள். படகை முதலில் வைத்தால் மேடு நடக்காது. அரியாங்குப்பம் கடைத்தெருவிலிருந்து கிழக்கே வீராம்பட்டினம் சாலையில் திரும்பி, காக்காயந்தோப்பில் விசாரித்தால் யாரும் வழி சொல்வார்கள். பெரிய பேருந்து கடைசி வரை போகச் சிரமப்படும், கொஞ்சம் நடக்கவைத்துவிடுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள், கழிப்பறை வேலையை ஊருக்குள்ளேயே முடித்துவிடுங்கள், பிள்ளைகள் செருப்போ ஷூவோ போட்டிருக்கட்டும், முள் அதிகம். சாப்பாட்டுப் பொட்டலத்தை மேட்டில் பிரிக்காதீர்கள்.

ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரவே வராதீர்கள். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி ஒரு அடி நகராது. அதிலும் தேர் அன்று துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிப்பார், பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து வருகிற வழக்கம். தேர் பார்க்க என்றால் தாராளமாகக் குடும்பத்தோடு வாருங்கள், பள்ளியோடு வேண்டாம்.

இப்படிக்கு,
அரியாங்குப்பம் வாசி ஒருவன்